மொழி கற்கப் பணம் கொடுத்த அரசுகள்



மருத்துவம் படிக்கவும் பொறியியல் படிக்கவும் உதவித்தொகைகள் உண்டு என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், வேற்று நாட்டவரின் மொழியையும் அவர்தம் நாட்டின் வரலாற்றையும் கற்பதற்கென்றே அரசுகள் மாணவர்களுக்குப் பணம் கொடுத்து வந்திருக்கின்றன என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அந்த வரலாற்றில் நம் சென்னைக்கும் மதுரைக்கும் இடம் உண்டு. நம் தமிழுக்கும் இடம் உண்டு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கொரிய, ஜப்பானிய, ஜெர்மானிய நிறுவனங்களின் மதில்களுக்கு நடுவே வாழும் நமக்கு அதில் ஒரு பாடமும் உண்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் காட்டிய வழி

மொழிக் கல்வியை ஆட்சியின் தேவையாகக் கருதியது நமக்கு அந்நியமான செய்தியன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்த பின், இளவயதினரான ஜைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்தார்கள். அவர்களுக்குக் கடிதம் எழுதவும், அவர்களிடமிருந்து வரும் கடிதங்களைப் படிக்கவும் நம்பிக்கையான ஒருவர் தேவைப்பட்டார். ஜைது (ரலி) அவர்கள் ஏறத்தாழ பதினைந்து நாட்களில் அதனைக் கற்றுத் தேர்ந்ததாகத் திர்மிதீ, அபூதாவூத் ஆகிய ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது.

பின்னர் அப்பாஸியர் காலத்தில், கலீஃபா மாமூன் (ஆட்சி 813–833) பக்தாதில் கிரேக்க, சிரியாக் நூல்களை அரபியாக்கும் பணிக்கு அரசுப் பொருளை வாரி வழங்கினார். அப்பணியில் தலைசிறந்து விளங்கிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். மொழி அறிந்தவரின் சமயத்தை அந்த அரசு தடையாகக் கருதவில்லை. கஸ்னி அரசவையைச் சார்ந்திருந்த அல்பிரூனி சமஸ்கிருதம் கற்று, 1030ஆம் ஆண்டு வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலை இன்றும் வரலாற்று ஆசிரியர்கள் சான்றாகக் கொள்கின்றனர்.

சென்னையில் ஒரு கல்லூரி

நம் மண்ணில் இதே முறையைக் கையாண்டது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி. வணிகம் செய்ய வந்தவர்கள் ஆட்சியாளர்களாக மாறியபோது, வரி வசூலிக்கவும் வழக்குத் தீர்க்கவும் மக்களின் மொழி தேவைப்பட்டது. துபாஷிகள் எனப்பட்ட இருமொழியாளரை மட்டும் நம்பி ஆள முடியாது என்பதை அவர்கள் உணர்ந்தார்கள். 1800இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியும், 1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியும் தொடங்கப்பட்டன. சென்னைக் கல்லூரியை உருவாக்குவதில் முன்னின்றவர் எல்லிஸ் என்னும் அதிகாரி. இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய இளம் அதிகாரிகள் இங்கே சம்பளம் பெற்றுக்கொண்டே தமிழ், தெலுங்கு, பாரசீகம், ஹிந்துஸ்தானி போன்ற மொழிகளைக் கற்றார்கள். தேர்வில் அவர்கள் காட்டிய திறமையைப் பொறுத்தே ஊதிய உயர்வும் பதவியும் அமைந்தன. அவர்களுக்குக் கற்பித்தவர்கள் நம் நாட்டுப் புலவர்களும் முன்ஷிகளும் ஆவர்.

கம்பெனியின் நோக்கம் ஆட்சியை இறுக்குவது. எனினும் விளைவு அந்நோக்கத்தோடு நின்றுவிடவில்லை. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்னும் கருத்தை எல்லிஸ் 1816இலேயே சான்றுகளுடன் எழுதி வெளியிட்டார். கால்டுவெல்லின் புகழ்பெற்ற ஒப்பிலக்கணம் வெளிவந்தது அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, 1856இல்தான். அக்கல்லூரியின் தமிழாசிரியராகிய தாண்டவராய முதலியார் 1826இல் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் தந்தார். முத்துசாமிப் பிள்ளை தென்மாவட்டங்களில் அலைந்து வீரமாமுனிவரின் நூல்களைத் தேடித் தொகுத்தார். கல்லூரிக்கெனத் தனி அச்சகமும் இருந்தது. ஆள்வதற்காகச் செலவிட்ட பணத்தில் ஆளப்பட்டவரின் மொழியும் வளம் பெற்றது. சென்னை நுங்கம்பாக்கத்தில் கல்வித் துறை வளாகத்தை ஒட்டிய சாலைக்குக் கல்லூரிச் சாலை என்ற பெயர் இன்றும் நிலைத்திருப்பது அக்கல்லூரியின் நினைவாகவே.

வானில் பறந்த உருண்டையும் வகுப்பறையும்

கம்பெனியின் காலம் முடிந்து, ஆங்கிலேயர் ஆட்சியும் முடிந்தபின், உலக அரசியலின் மையம் அமெரிக்காவுக்கும் சோவியத் ரஷ்யாவுக்கும் இடம் பெயர்ந்தது. 1957 அக்டோபர் 4ஆம் நாள் ரஷ்யா ஸ்புட்னிக் என்னும் செயற்கைக்கோளை விண்ணில் ஏவியது. அமெரிக்கர் அதிர்ச்சியுற்றனர். ராக்கெட்டில் மட்டுமின்றிக் கல்வியிலும் தாங்கள் பின்தங்கிவிட்டதாக அவர்கள் முடிவு செய்தனர். உலகின் பல நாடுகளைக் குறித்து அறிந்தவர்களும் அந்நாடுகளின் மொழி தெரிந்தவர்களும் தங்களிடம் மிகக் குறைவு என்பது அப்போது வெளிப்பட்டது.

1958 செப்டம்பர் 2ஆம் நாள் அதிபர் ஐசன்ஹோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன் ஆறாம் பிரிவு பல்கலைக்கழகங்களில் மொழி மற்றும் வட்டார ஆய்வு மையங்களை அமைத்தது. பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு மொழி கற்பதற்கான உதவித்தொகையையும் ஏற்படுத்தியது. முதலில் முன்னுரிமை பெற்ற ஆறு மொழிகள் அரபி, சீனம், ஹிந்தி–உருது, ஜப்பானியம், போர்ச்சுகீசியம், ரஷ்யம் ஆகியவை. அரபியும் உருதும் அப்பட்டியலில் இருந்ததை நாம் கவனிக்க வேண்டும். தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளும் அத்திட்டத்தில் இடம்பெற்றன.

பிற்காலத்தில் இது ‘அயல்மொழி மற்றும் வட்டார ஆய்வு உதவித்தொகை’ என்று பெயர் பெற்று, பொதுவான உயர்கல்விச் சட்டத்தின்கீழ் வந்தது. அது செயல்பட்ட முறை எளிமையானது. அரசு பணத்தை நேரே மாணவரிடம் கொடுப்பதில்லை. போட்டியில் வென்ற பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கும். அவை மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும். மாணவர் தம் ஆய்வோடு அம்மொழி வகுப்பிலும் தவறாது அமர வேண்டும். 2010களில் பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவருக்கு ஓராண்டுக்கு வாழ்க்கைச் செலவாக 15,000 டாலரும், கல்விக் கட்டணத்திற்காக 18,000 டாலர் வரையும் வழங்கப்பட்டது. படித்து முடித்தபின் அரசுப் பணியில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை. 1961இல் வந்த ஃபுல்பிரைட்–ஹேஸ் சட்டம், முனைவர் பட்ட ஆய்வாளர் அந்தந்த நாட்டுக்கே சென்று தங்கி ஆராயவும் வழி செய்தது.

கோதுமை கொடுத்த தமிழ் நூல்கள்

அறுபதுகளில் ரேஷன் கடைகளில் அமெரிக்கக் கோதுமை வழங்கப்பட்டதை நம் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1954ஆம் ஆண்டின் 480ஆம் எண் பொதுச் சட்டத்தின்படி வந்த தானியம் அது. அதற்குரிய விலையை இந்தியா டாலரில் அல்லாமல் ரூபாயில் செலுத்தியது. அந்த ரூபாய் அமெரிக்கக் கணக்கில் இந்தியாவிலேயே குவிந்து கிடந்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் புதுதில்லி அலுவலகம் வழியாக இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பியது. தமிழில் அச்சான நாவல்களும் சமய நூல்களும் இதழ்களும் கப்பலேறின. நாம் உண்ட கோதுமையின் விலையில் நம் மொழி நூல்கள் சிகாகோவின் அலமாரிகளில் அடுக்கப்பட்டன.

1961இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி இந்திய ஆய்வுக்கான அமெரிக்க நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அதன் தமிழ் வகுப்புகள் மதுரையில் நடைபெற்று வந்துள்ளன. அமெரிக்க மாணவர்கள் மதுரையில் தங்கி, கடைத்தெருவில் காய்கறி வாங்கியும் பேருந்தில் நடத்துநரிடம் பேசியும் தமிழ் பழகினார்கள். வகுப்பில் கற்ற இலக்கணம் தெருவில் சோதிக்கப்பட்டது. மொழியைக் கற்கச் சிறந்த வழி அதுவே.

இவ்வாறு சிகாகோ, பெர்க்லி, பென்சில்வேனியா, விஸ்கான்சின் ஆகிய இடங்களில் தமிழ்க் கல்வி வேரூன்றியது. சிகாகோவில் பணியாற்றிய ஏ.கே. ராமானுஜன் சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்து 1967இல் வெளியிட்ட நூல், உலகின் பார்வையைத் தமிழின்பால் திருப்பியது. பெர்க்லியின் ஜார்ஜ் ஹார்ட் தமிழ் செம்மொழி என்பதற்கு ஆதரவாக எழுதினார். 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

தமிழ் முஸ்லிம்களின் இலக்கியமும் அக்கல்வியால் பயன்பெற்றது. அமெரிக்க ஆய்வாளர் பவுலா ரிச்மன் 1997இல் வெளியிட்ட பிள்ளைத்தமிழ் பற்றிய நூலில் நபிகள் நாயகத்தின் மீது பாடப்பட்ட பிள்ளைத்தமிழும் இடம்பெற்றுள்ளது. ரோனித் ரிச்சி என்னும் ஆய்வாளர் தமிழ், மலாய், ஜாவா ஆகிய மொழிகளைக் கற்று, ஆயிரம் மசலாவின் கதை கடல் கடந்து சென்ற வழியை ஆராய்ந்து 2011இல் நூல் எழுதினார். அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் போற்றிய நூல்களை நம் வீட்டுப் பிள்ளைகள் பெயரளவில்கூட அறியாதிருக்க, அந்நிய நாட்டார் ஆண்டுக்கணக்கில் உழைத்து அவற்றைக் கற்றார்கள். இது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

ஐயமும் நிறுத்தமும்

பாதுகாப்புச் சட்டத்தின் பெயரால் வந்த பணத்தின்மீது ஐயம் எழுந்தது இயல்பே. பிறரை அறிவது பிறரை ஆள்வதற்கோ என்று கேட்டார்கள். 1978இல் எட்வர்டு சயீத் எழுதிய ‘ஓரியண்டலிசம்’ நூல், கீழைநாடுகளைப் பற்றிய மேலைநாட்டாரின் கல்வி அதிகாரத்தோடு பிணைந்திருந்ததை எடுத்துக்காட்டியது. அந்த விமர்சனத்தில் உண்மை உண்டு. ஆனால் அத்துடன் மற்றோர் உண்மையும் உண்டு. வியட்நாம் போரின்போது, ஆசிய மொழிகளைக் கற்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பலர் 1968இல் அணி திரண்டு தம் அரசின் போரையே எதிர்த்தனர். ஒரு மக்களின் மொழியை ஆழ்ந்து கற்றவர், அம்மக்களை வெறும் எதிரியாகவோ சந்தையாகவோ பார்க்க இயலாதவராகி விடுகிறார். பணம் கொடுத்தவர் எண்ணியதற்கு மேலாகக் கல்வி தன் வேலையைச் செய்கிறது.

அரசுப் பணத்திற்கு மற்றொரு இயல்பும் உண்டு. தேவை இருக்கும்வரை வரும். அரசின் மனம் மாறினால் நிற்கும். அமெரிக்காவில் 2011இல் இந்நிதி பெருமளவு வெட்டப்பட்டது. 2025இல் அந்நாட்டுக் கல்வித் துறை, நடந்துகொண்டிருந்த மொழி மைய மானியங்களையும் உதவித்தொகைகளையும் தொடர மறுத்தது. ஏறக்குறைய அறுபத்தேழு ஆண்டுகளாக வளர்ந்த ஏற்பாடு ஓர் அறிவிப்பில் ஆட்டம் கண்டது.

இத்தகைய அனுபவம் நமக்கும் புதிதன்று. சிறுபான்மை மாணவர்களின் முனைவர் பட்ட ஆய்வுக்கென 2009இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையை 2022–23ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு நிறுத்தியது. அதனை நம்பி ஆய்வுக் கனவு கண்ட பிள்ளைகளின் நிலை என்னவாயிற்று என்பதை அவர்தம் பெற்றோர் அறிவார்கள். உதவித்தொகை நிற்கலாம், ஆனால் கற்ற மொழியை எவரும் திரும்பப் பெற இயலாது. ஆகவே கிடைக்கும் காலத்தில் தவறாது பெறுவதும், நிற்கும் காலத்தில் கல்வி நின்றுவிடாதபடி நாமே தாங்குவதும் ஆகிய இரண்டும் நம் கடமையாகும்.

நம் சாலையின் இருமருங்கிலும்

இனி நம் பகுதிக்கு வருவோம். ஹூண்டாய் நிறுவனம் 1996இல் இந்தியாவில் தொடங்கப்பட்டு, 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும், 2012இல் டைம்லர் ஆலையும் திறக்கப்பட்டன. இவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் பெருகின. கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை தாங்கிய உணவகங்கள் நம் கண்முன்னே முளைத்தன.

நம் இளைஞர்கள் ஆலை வாயிலுக்குள் எப்படி நுழைகிறார்கள்? பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளராகவோ பயிற்சியாளராகவோ நுழைகிறார்கள். ‘கைசென்’, ‘கன்பான்’, ‘போகா யோகே’ என்ற சொற்களை அன்றாடம் உச்சரிக்கிறார்கள். ‘5எஸ்’ என்று சுவரில் எழுதியிருப்பது சீரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்னும் ஐந்து ஜப்பானியச் சொற்களின் முதலெழுத்து என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? அவர்கள் நாவில் ஏற்கெனவே ஜப்பானியம் இருக்கிறது. அதனை மொழியாகக் கற்கும் வாய்ப்பைத்தான் எவரும் சுட்டிக்காட்டவில்லை. தலைமையகத்திலிருந்து வரும் பொறியாளருக்கும் நம் ஊர்த் தொழிலாளிக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளர், அவ்விருவருக்கும் தேவைப்படுபவர். அந்த இடத்தில் நம் பிள்ளை நின்றால் என்ன?

அந்நாட்டு அரசுகளே இதற்கு வழி திறந்து வைத்துள்ளன. ஜப்பான் அரசு 1954 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. போரில் அழிந்து, வறுமையில் கிடந்த தென்கொரியா 1967லேயே தன் அரசு உதவித்தொகையைத் தொடங்கியது. தானே தானியத்திற்குக் கையேந்திய நாடு, பிறநாட்டார் தன் மொழியைக் கற்கட்டும் என்று பணம் ஒதுக்கியதை எண்ணிப் பாருங்கள். கொரிய உதவித்தொகை பெறும் பட்டமேற்படிப்பு மாணவர் முதல் ஓராண்டு கொரிய மொழியையே கற்க வேண்டும். தேர்வில் குறித்த நிலையை எட்டிய பின்னரே பட்ட வகுப்பில் சேரலாம். விமானக் கட்டணம், கல்விக் கட்டணம், மாதச் செலவு ஆகியவற்றை அரசே ஏற்கிறது. வழக்கமாக இதன் அறிவிப்பு பிப்ரவரியில் வெளிவரும்; ஜப்பானின் அறிவிப்பு ஏப்ரல், மே மாதங்களில் வெளிவரும். ஜெர்மனிக்கு டாட் எனப்படும் கல்விப் பரிமாற்ற அமைப்பு உள்ளது.

கடல் கடந்து செல்ல இயலாதவர்களும் கற்கலாம். சென்னையில் ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் ஜப்பானியமும், 2006 முதல் இயங்கும் இன்கோ மையம் கொரியமும், மாக்ஸ் முல்லர் பவன் ஜெர்மனும் கற்பிக்கின்றன. ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 முதல் என்1 வரை ஐந்து படிகள் உள்ளன. வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறலாம். மொழிபெயர்ப்பு வீட்டிலிருந்தும் செய்யத்தக்க பணியாதலால் நம் பெண்பிள்ளைகளுக்கு இது மிகவும் ஏற்றது.

மதரஸாவில் பயின்றவர்களுக்கும் ஒரு செய்தி. ஏழாண்டுகள் அரபி கற்ற ஆலிம்கள் அதனை ஓதுவதற்கும் ஓதிக்கொடுப்பதற்கும் மட்டுமே உரியதாக எண்ணிவிடுகின்றனர். முறையான முதுகலைப் பட்டமும் பெற்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வை அரபி பாடத்திலேயே எழுதலாம். இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வாவோருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் வழங்கப்படுகிறது. அமெரிக்க அரசு 1958இல் முதல் வரிசையில் வைத்துத் தேடிய மொழி நம் பிள்ளைகளின் நெஞ்சில் இருக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

நிர்வாகக் குழுவின் கவனத்திற்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவது, இவ்வுதவித்தொகை அறிவிப்புகளைக் காலம் தவறாமல் கவனித்து, ஜும்ஆவுக்குப் பின் அறிவிக்கவும் விண்ணப்பம் நிரப்ப உதவவும் படித்த இளைஞர் இருவரைப் பொறுப்பாக்க வேண்டும். இரண்டாவது, மொழித் தேர்வு எழுதும் பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்தைக் கல்வி நிதியிலிருந்து ஏற்க வேண்டும். மூன்றாவது, ஷிப்டு முறையில் வேலை செய்வோருக்கும் பொருந்தும் வகையில், மதரஸா கட்டடத்தில் வாரம் இருமுறை ஒரு மொழி வகுப்பைத் தொடங்க வேண்டும். எந்த மொழி என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். அவ்வகுப்பில் அண்டை வீட்டு மாற்றுமதப் பிள்ளைகளும் அமரட்டும். பக்தாதில் ஹுனைனுக்கு இடமிருந்ததுபோல.

வணிகம் செய்ய வந்தவர்களும், ஆள வந்தவர்களும், அஞ்சியவர்களும் தத்தம் தேவைக்காகப் பிறர் மொழியைக் கற்கப் பணம் செலவிட்டார்கள். நம்மைத் தேடி வந்த தொழிற்சாலைகளின் நிழலில் வாழும் நாம், அவற்றை நிறுவியவர்களின் மொழியை அறியாமல் வாசலிலேயே நின்றுவிடலாகாது. அடுத்த ஆண்டறிக்கை வெளிவரும்போது, நம் ஜமாஅத்திலிருந்து ஒரு பிள்ளையேனும் முதற்படித் தேர்வில் வென்ற செய்தி அதில் இடம்பெற வல்ல நாயன் அருள்புரிவானாக.